சாம்பல் கலர் கோட்டு

ஜனவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை, குளிர்தான் ஆளை முழுங்குது. அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? தைலம் தேய்க்கிறாளா, இல்லை வழக்கம்போல அலமாரியில வெச்சு அழகு பாக்கிறாளா?

தொழிற்சாலை ரொம்பப் பெரிசு. இந்த முனையில நின்னா அந்த முனையில இருக்கிற ஆள் கட்டை விரல் அளவுதான் தெரியுது. நீங்க கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட்டை முதல் நாளே ஃபோர்மன்கிட்ட கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கடைசல் வேலை, முதல் வகுப்பு"ன்னு மொழிபெயர்த்துச் சொன்னாங்க. தலையை ஆட்டினார். கையில ஒரு அரத்தைக் கொடுத்து ஏதோ செய்யச் சொன்னார். செஞ்சேன். அதுக்கும் தலையை ஆட்டினார்.

என்னைப் பயிற்சிப் பட்டறையில போட்டிருக்காங்க. பள்ளிக்கூடம் முடிச்ச அப்ரண்டிஸ் பசங்க நிறையப் பேர் இருக்காங்க. நான் அவங்களோடதான். மேற்பார்வை மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

அக்காகிட்ட நான் நல்லா சாப்பிடுறேன்னு சொல்லுங்க.

உங்கள் மச்சான்

பிப்ரவரி 3

அன்பு மச்சானுக்கு,

கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அக்காவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் வலி இல்லை. போனதும் போகாததுமாக மேற்பார்வையாளர் ஆகிவிட்டாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால்காரருக்குக்கூடத் தெரியும்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பயிற்சி நிலையத்தில் நான் முதல்வராக இருந்தபோது கையெழுத்திட்ட சான்றிதழ்களில் கடல் தாண்டியது உன்னுடையதுதான். அந்த நாட்டுக்காரர்கள் ஒருவரை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்களாமே!

இப்போது உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். தொழிற்பயிற்சியில் நம் நாடும் பிற நாடுகளும் எப்படி என்று ஒரு ஒப்பீட்டு அறிக்கை எழுதும் பொறுப்பை எங்கள் துறை இயக்குநர் என் தலையில் கட்டியிருக்கிறார். இதை வைத்துத்தான் புதிய கொள்கை வரப்போகிறதாம். நூலகத்தில் உள்ள புத்தகங்களைப் படித்தால் தூக்கம்தான் வருகிறது. நீ பக்கத்திலேயே இருக்கிறாய். அங்கே பழகுநர்களுக்கு எப்படிக் கற்றுத் தருகிறார்கள், யார் செலவு செய்கிறார்கள், தேர்வு எப்படி என்று விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி போட்டுக்கொண்டு வெளியே போ.

உன் அத்தான்

பிப்ரவரி 26

அன்புள்ள அத்தானுக்கு,

இங்க நான் சௌக்கியம். நீங்க கேட்டதுக்குப் பதில் எழுதறேன்.

நம்ம ஊர்ல முதல்ல படிப்பு, அப்புறம் வேலை தேடணும். இங்க தலைகீழ். முதல்ல ஒரு தொழிற்சாலை ஆளை எடுத்துக்குது. வாரத்துல நாலு நாள் பட்டறை, ஒரு நாள் பள்ளிக்கூடம். மூணு வருஷத்துக்கு மேல. பழகும்போதே பாதிச் சம்பளம் உண்டு, அதைத் தொழிற்சாலையே கொடுக்குது. பள்ளிக்கூடம் மட்டும்தான் அரசாங்கம். நம்ம ஊர் முதலாளிங்க "அரசாங்கம் தயார் பண்ணி அனுப்பட்டும், நாங்க குறை சொல்றோம்"னு உக்காந்திருக்காங்களே, அந்தக் கதை இங்க நடக்காது. தேர்வை வெக்கிறது சொல்லிக்கொடுத்தவங்க இல்லை. முதலாளிங்க ஒருத்தர், தொழிலாளிங்க ஒருத்தர், வெளிப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒருத்தர். சொந்தப் பிள்ளைக்குத் தானே மார்க் போட முடியாது.

சேர்ந்ததும் மெஷின் பக்கமே விட மாட்டாங்க. கரடுமுரடா ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து, அரத்தால ராவி எல்லாப் பக்கமும் சதுரமாக்கணும். ஃபோர்மன் மூலைமட்டத்தை அது மேல வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிப்பார். நடுவுல மயிரிழை வெளிச்சம் தெரிஞ்சாலும் போச்சு. ஒண்ணும் சொல்ல மாட்டார், கட்டியைப் பழைய இரும்பு டிரம்முல போட்டுடுவார். அந்தச் சத்தம் பட்டறை முழுக்கக் கேக்கும். யாரும் தலையைத் தூக்க மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் யாரோடதுன்னு தெரியும். காது மடல் சுடும். உள்ளங்கையில கட்டை விரலுக்குக் கீழே கொப்புளம் வரும், உடையும், அதே இடத்துல மறுபடி வரும். சாயங்காலம் டீ கிளாஸைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்.

பழகுறவங்களுக்கு சாம்பல் கலர் கோட்டு. தேறினவங்களுக்கு நீலம். தூரத்துலேர்ந்தே யார் எவர்னு தெரிஞ்சிடும்.

அக்காவுக்கு என் அன்பு.

மச்சான்

மார்ச் 20

அன்பு மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதத்தை இயக்குநர் அறையிலேயே வாசித்துக் காட்டினேன். டிரம்மில் விழும் சத்தம் வந்ததும் மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "யாருய்யா எழுதினது, கொப்புளம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு?" என்றார். மேற்பார்வையாளன் என்றால் இப்படியல்லவா பிள்ளைகளின் கையைக்கூடப் பார்த்து வைத்திருக்க வேண்டும்! உறவுக்காரன் சொன்னது என்றால் மதிப்பு இருக்காது என்று "நம்பத்தகுந்த வட்டாரம்" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அறிக்கை மூன்று பத்தியாக வளர்ந்திருக்கிறது. முதலில் நாம். அடுத்தது நீ இருக்கும் நாடு. மூன்றாவது, சேர்ந்த கம்பெனியிலேயே ஆயுள் முழுக்க இருந்து, ஒவ்வொரு பிரிவாக மாறி மாறிக் கற்றுக்கொள்வார்களே, அந்த நாடு. அங்கே சான்றிதழே கிடையாதாம், கம்பெனி பெயர்தான் சான்றிதழ்.

நம் பத்திதான் எழுத வரமாட்டேன் என்கிறது. நம் நிலையத்தில் கடைசல் இயந்திரத்துக்குத் துணி போர்த்தி வைத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எடுப்போம். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான். இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியுமா? "உட்கட்டமைப்பு பாதுகாப்பாகப் பேணப்படுகிறது" என்று எழுதிவிட்டேன்.

அங்குள்ள முறையில் குறை ஏதாவது இருந்தால் அதையும் எழுது. ஒரேயடியாகப் புகழ்ந்தால் இயக்குநருக்குப் பிடிக்காது.

உன் அத்தான்

தம்பி, உன் கையெழுத்து ஏண்டா கோழி கிளறின மாதிரி இருக்கு? முத்து முத்தா எழுதுவியே. குளிர்ல விரல் விறைக்குதா? உறை வாங்கிப் போட்டுக்கோ. அக்கா.

ஏப்ரல் 15

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லா இருக்கேன். கையெழுத்துக்குக் காரணம் குளிர்தான்னு அக்காகிட்ட சொல்லுங்க.

குறையா? இருக்கு. சின்ன வயசுலேயே பிள்ளைகளைப் பிரிச்சு, நீ கைவேலைக்கு, நீ மேல்படிப்புக்குன்னு பாதை போட்டுடுறாங்க. அப்புறம் அதை விட்டு விலகறது குதிரைக்கொம்பு. இன்னொண்ணு, இந்த ஊர்க் காகிதம் இல்லாதவனுக்கு இங்க மரியாதை இல்லை. வெளிநாட்டுக் காகிதத்தைச் சீண்டக்கூட மாட்டாங்க.

பட்டறையில ஒரு ஆள் இருக்கான். வேற நாட்டுக்காரன். முப்பத்தஞ்சைத் தாண்டியாச்சு, காதோரம் நரை. அவங்க ஊர்ல முதல் வகுப்புல தேறினவனாம். இங்க வந்த அன்னைக்கு அரம் பிடிக்கவே தெரியலை. ஃபோர்மன் திட்டலை, சிரிக்கலை. சாம்பல் கோட்டு ஒண்ணை எடுத்துக் கொடுத்தார், தோள்பட்டை பத்தலை, அவ்வளவுதான். பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி அவனுக்குப் பக்கத்துல நின்னு ராவுறா. அவனை "தாத்தா"ன்னு கூப்பிடுறா. வருஷக் கடைசித் தேர்வுல தேறலைன்னா அவனை ஊருக்கு அனுப்பிடுவாங்க. பாவம், அவன் வீட்டுல என்ன சொல்லி வெச்சிருக்கானோ.

இதை அறிக்கையில போட வேண்டாம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்.

மச்சான்

மே 9

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன். தலைகால் புரியாமல் எழுதுகிறேன். முதலில் இதைக் கேள்: நான் அங்கே வருகிறேன்!

அறிக்கையைப் படித்த இயக்குநர், நேரில் பார்த்தால்தான் கொள்கை எழுத முடியும் என்று குழு ஒன்றைப் போட்டுவிட்டார். இயக்குநர், நான், இன்னும் இருவர். ஜூன் இருபதாம் தேதி கிளம்புகிறோம். வேறு இரண்டு ஊர்களைப் பார்த்துவிட்டு, ஜூலை முதல் வாரம் உன் தொழிற்சாலை. நீ அங்கே இருப்பதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டறைக்குள் நுழைந்ததும், "சார், அந்த நம்பத்தகுந்த வட்டாரம் இவன்தான், என் மச்சான், என் மாணவன்" என்று மார்தட்டிச் சொல்லப்போகிறேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

போட வேண்டாம் என்றாய், ஆனால் அந்த நரைத்த ஆளின் கதையை அறிக்கையில் சேர்த்துவிட்டேன். அப்படிப்பட்ட எடுத்துக்காட்டு வேறு கிடைக்காது. சில நாடுகளில் சான்றிதழ் என்ற பெயரில் என்ன கூத்து நடக்கிறது பார்! அந்த ஆளைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு முதல் வகுப்பு என்று கையெழுத்துப் போட்டானே ஒருவன், அவன் முகத்தில் ஒரு தடவை விழிக்க வேண்டும்.

உனக்கு என்ன வேண்டும்? உன் அக்கா இப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

உன் அத்தான்

மே 30

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் சுகமா இருக்கணும். என் சுகத்தைப் பத்தி இதுவரைக்கும் எழுதினதெல்லாம் அரைகுறை.

அந்த ஆள் நான்தான், அத்தான். வேற நாட்டுக்காரன்னு எழுதினது பொய். மேற்பார்வையும் பொய். சாம்பல் கோட்டு என்னுது, கொப்புளம் என்னுது, டிரம்முல விழுந்த கட்டியும் என்னுது. தாத்தாவும் நான்தான்.

யாரையும் குறை சொல்லலை. துணி போர்த்தின மெஷினைப் பார்த்துப் பார்த்து நான் படம் வரைஞ்சேன், ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பேர் எழுதினேன். ரொம்ப அழகா வரைஞ்சிருக்கேன்னு நீங்களே சொன்னீங்க. அதுக்குத்தான் முதல் வகுப்பு. வேலை தெரியும்னு நானும்தான் நம்பினேன். அந்த மெஷின் ஓடுற சத்தம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுன்னு இங்க வந்துதான் உறைச்சது.

ஒரே ஒரு உதவி கேக்கிறேன். பட்டறைக்கு வரும்போது என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. நானும் தலையைத் தூக்க மாட்டேன். உங்க மேலதிகாரி முன்னால நீங்க என்னால தலைகுனிய வேண்டாம். எனக்கும் உங்க முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

அக்காகிட்ட இப்போ சொல்லாதீங்க. அவ பால்காரர் வரைக்கும் சொல்லி வெச்சிருக்கா.

மச்சான்

ஜூலை 8

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்திருப்பீங்க. பிரயாணத்துல உடம்புக்கு எதுவும் வரலையே? கொஞ்சம் இளைச்சிருக்கீங்க. அந்தக் கோட்டு உங்களுக்கு நல்லா இருந்துச்சு.

நன்றி சொல்லத்தான் எழுதறேன். நீங்க கதவுல நுழைஞ்சதுமே நான் குனிஞ்சுட்டேன், உங்க நடைச் சத்தத்தை வெச்சே எங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சது. இரும்புக் கட்டியை இறுக்கிப் பிடிச்சிருக்கிற என் வைஸுக்கு எதிரே வந்து நின்னுட்டீங்க. ஃபோர்மன் என்னைக் காட்டி, "இவர் உங்க நாட்டுக்காரர்தான், முதல் வகுப்புச் சான்றிதழோட வந்தார், முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கோம்"னு சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துல சொன்னதும் உங்க இயக்குநர் உங்க பக்கம் திரும்பி நம்ம பாஷையில கேட்டார், "யாருய்யா இது? எந்த இன்ஸ்டிட்யூட்?"

"தெரியலை சார். ஏதாவது தனியார் இடமா இருக்கும். காசு கொடுத்தா கொடுத்துடுறாங்க"ன்னீங்க.

குரல்ல ஒரு பிசிறுகூட இல்லை. அந்தப் பட்டறையிலேயே அது புரிஞ்சது உங்க ஆளுங்களை விட்டா எனக்கு மட்டும்தான். நான் கேட்டபடியே செஞ்சீங்க. மனசு நிறைஞ்சிருக்கு.

அக்கா கொடுத்தனுப்பிச்சதை ஹோட்டல் வரவேற்புல விட்டுட்டுப் போயிருந்தீங்க. அங்கேர்ந்து தகவல் வந்துச்சு, வாங்கிக்கிட்டேன்.

மச்சான்

ஆகஸ்ட் 2

தம்பிக்கு அக்கா எழுதுவது,

நீ எப்படி இருக்கேன்னு இனிமே உன்னைக் கேக்க மாட்டேன், கேட்டாலும் நிஜத்தைச் சொல்ல மாட்டே. எனக்கு எல்லாம் தெரியும்டா. மே மாசக் கடிதத்தை நான்தான் பிரிச்சேன். அவர் கிளம்பினதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. உனக்கு ஏதோ அவசரமோன்னு பயந்து பிரிச்சுட்டேன். படிச்சுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். கை அப்படி ஆயிருக்கு, நான் கோழி கிளறின மாதிரின்னு எழுதினேனே, என் வாயில மண்ணைப் போட.

அவர் வந்ததும் கையில கொடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சார். தேதியைப் பார்த்தார். அதுலேர்ந்து சரியாச் சாப்பிடலை. அப்புறம் உன் நன்றிக் கடிதம் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டவர் ரொம்ப நேரம் வெளியவே வரலை. என்கிட்ட காட்ட மாட்டேங்கிறார்.

அங்க என்னடா நடந்துச்சு? அவர் உன்னைப் பார்த்தாரா இல்லையா? பார்த்தேன்னு ஒரு வார்த்தைதான் வருது. வேற கேட்டா எழுந்து போயிடுறார். என் புருஷன் உன்னை ஏதாவது பண்ணிட்டாரா? மறைக்காம எழுது.

அக்கா

ஆகஸ்ட் 20

மச்சானுக்கு,

உடல்நலம் விசாரித்து எழுத எனக்கு முகம் இல்லை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். அதை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னிடமும் நல்ல பேர், உன் அக்காவிடமும் நல்ல பேர். ஆனால் உன் அக்காவுக்குத் தேதி தெரியும். உன் கடிதம் வந்தபோது நான் ஊரிலேயே இல்லை. நீ கேட்டதை நான் படிக்கவே இல்லை.

யாரும் கேட்காமலே செய்தேன். நுழையும்போது உன்னைத் தேடிக்கொண்டுதான் வந்தேன். நீலக் கோட்டுகளில் தேடினேன். "இவன்தான் என் மச்சான்" என்று சொல்லும் வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. சாம்பல் கோட்டில் உன் பிடரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இயக்குநர் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியில் உன்னை நினைக்கவில்லை. சான்றிதழின் அடியில் இருக்கும் என் கையெழுத்தைத்தான் நினைத்தேன். பொய் தானாக வந்தது. பிசிறுகூட இல்லை என்று எழுதியிருந்தாய். சீ, என்ன ஜென்மம் நான்!

உன் அக்கா கொடுத்ததை உன் கையில் கொடுக்கக்கூடத் துணிவில்லாமல் வரவேற்பில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அறிக்கையில் நம் பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். துணி போர்த்திய இயந்திரத்தைப் பற்றி எழுதினேன். சொல்லிக்கொடுத்தவனே மார்க் போடுகிறான் என்று எழுதினேன். நாம் பார்த்த அந்தப் பழகுநர் என் மனைவியின் தம்பி, அவருக்கு முதல் வகுப்பு தந்தவன் நான், அவர் அந்த இயந்திரத்தை ஒரு தடவைகூட இயக்கியதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இயக்குநர் இன்னும் கூப்பிடவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

அத்தான்

செப்டம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நல்லா இருக்கேன், இந்தத் தடவை நிஜமாவே. நீங்க முதல்ல ஒழுங்காச் சாப்பிடுங்க. அக்கா தட்டுல சோறு போட்டாளா இல்லையா? அப்போ கோவம் பாதி போயிடுச்சுன்னு அர்த்தம். முழுக் கோவம்னா சமைக்கவே மாட்டா, எனக்குத் தெரியாதா.

ஒண்ணு சொல்லணும். நீங்க அந்தக் கடிதத்தைப் படிச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். மே கடைசியில எழுதினது வாஸ்தவம். ஆனா உடனே தபால்ல சேர்க்கலை. கோட்டுப் பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். தபால் பெட்டி வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன். உங்களுக்குத் தெரியணும்னும் இருந்துச்சு, தெரியக்கூடாதுன்னும் இருந்துச்சு. இனி போட்டாலும் நீங்க கிளம்புறதுக்குள்ள வராதுன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் போட்டேன். வெக்கம் உங்களுக்கு மட்டும்தானா அத்தான்?

அப்போ எதுக்கு நன்றின்னு கேப்பீங்க. நீங்க சொன்னது காதுல விழுந்தப்போ என் கையில அரம் நின்னுபோச்சு. நிமிர்ந்து பார்த்தேன். நீங்க போயிட்டிருந்தீங்க, உங்க முதுகு மட்டும் தெரிஞ்சது. கோட்டுக்குள்ள ஆள் சுருங்கின மாதிரி இருந்தீங்க. ராத்திரி முழுக்கக் கோவத்துல பல்லைக் கடிச்சேன், பொய் சொல்லலை. ஆனா அந்த முதுகு கண்ணை விட்டுப் போகலை. நான் கேட்டதாலதான் செஞ்சீங்கன்னு ஒரு சாக்கு கொடுத்தா பிடிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன். பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், நீங்க இருக்கலை. அந்த நன்றி பொய். இப்போ சொல்ற நன்றிதான் நிஜம்.

போன வாரம் என் கட்டி டிரம்முக்குப் போகலை. ஃபோர்மன் ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் பிடிச்சுப் பார்த்துட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "தாத்தா பாஸ்"னு அந்தப் பொண்ணு கத்தினா. மறுநாள் கடைசல் மெஷின்ல நிறுத்திட்டாங்க. அதுக்குத் துணி எதுவும் போர்த்தலை. போட்டதும் என்ன சத்தம் தெரியுமா! பயத்துல ஒரு அடி பின்னால வந்துட்டேன். வருஷக் கடைசித் தேர்வுல தேறுவேனா தெரியாது. தேறலைன்னா ஊருக்கு வருவேன், அதையும் பால்காரருக்குச் சொல்லச் சொல்லுங்க.

கொள்கை என்னவானாலும் ஆகட்டும். இன்னொரு தடவை குழுவுல இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, நான் எந்தக் கோட்டுல இருந்தாலும், எவன் பக்கத்துல நின்னாலும், கதவுலேர்ந்தே சத்தமா "மச்சான்"னு கூப்பிடுங்க. இங்க யாருக்கும் அதுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்கள் மச்சான்